கர்ப்பிணியின் கலக்கமும் வைத்தியத்தின் கதையும்



பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. அந்தக் காலத்துத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு மணி அடித்ததும், ஐந்து மாதக் கர்ப்பிணியும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரக் காட்டுக்கு நடந்தாள். மனத்திலோ ஆயிரம் கேள்விகள். பக்கத்து லயத்துக்காரி போன வருடம் பிரசவத்தில் போய்விட்டாளே, எனக்கு எப்படியோ? வேலைக்குப் போக முடியாத நாளில் வீடு எப்படி நடக்கும்? மாமியாரிடம் சொன்னால், "நாங்களெல்லாம் பெற்று வளர்க்கவில்லையா?" என்பார். புருஷனிடம் சொல்ல வெட்கம். ஆகவே அவள் வாயை மூடிக்கொண்டாள்.

லயங்கள் பல மறைந்துவிட்டன. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் அந்தக் கலக்கம் மட்டும் நம்மோடு கூடவே வந்திருக்கிறது. அதற்கு மருத்துவ உலகம் எப்படி வழி தேடியது, எங்கே தவறியது, எங்கே வழி கண்டது என்ற வரலாற்றை இன்று பார்ப்போம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில மருத்துவர் இருந்தார். இலண்டனில் ஏழைகள் வாழ்ந்த ஒயிட்சாப்பல் பகுதியில் ஒரு பிரசவம் பார்க்கப் போனார். வலி தெரியாமலிருக்கக் குளோரோபாரம் தருகிறேன் என்றார். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அமைதியாகப் பிள்ளையைப் பெற்றாள். அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அச்சம் உடம்பை இறுக்குகிறது, இறுகிய உடம்பில் வலி கூடுகிறது, வலி கூடினால் அச்சமும் கூடுகிறது என்று அவர் 1933-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதினார். பிரசவத்தில் என்ன நடக்கும் என்பதைக் கர்ப்பிணிக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லுங்கள், மூச்சுப் பயிற்சி கொடுங்கள், தனியே விடாதீர்கள் என்பது அவர் வாதம். எல்லா வலிக்கும் அச்சமே காரணம் என்பது சரியல்ல. ஆயினும் கர்ப்பிணியின் பயத்தை வைத்தியர் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியது அவர் செய்த நன்மை.

ஆனால், உட்கார்ந்து பேசுவதற்கு நேரம் வேண்டும். மாத்திரை கொடுப்பதோ ஒரு நிமிட வேலை. இங்கேதான் பெருந்தவறு நேர்ந்தது.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. மனக்கலக்கம் தணியும், நல்ல தூக்கம் வரும், கர்ப்பிணிகளின் காலை மசக்கைக்கும் கேட்கும் என்றார்கள். அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். ஆபத்தே இல்லாத மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது விற்பனையானது. தூக்கமின்றித் தவித்த தாய்மார்கள் நம்பி விழுங்கினார்கள்.

பிறகு, கை கால் வளராத குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. சிலருக்குக் கண்ணும் காதும் இருதயமும் பழுதாயின. கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் ஒரே ஒரு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் போதும், கேடு விளையலாம். ஜெர்மனியில் விதுக்கிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு என்ற மருத்துவர்கள், இதற்கு அந்த மருந்தே காரணம் என்று எச்சரித்தார்கள். 1961 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் விற்பனை நின்றது. அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டன.

அமெரிக்காவில் அப்போது இந்த மருந்து விற்பனைக்கு அனுமதி பெறவில்லை. அரசாங்க மருந்து இலாகாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் மருத்துவர், போதிய ஆதாரம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பெனி எவ்வளவு நெருக்கியும் அவர் அசையவில்லை. 1962-இல் ஜனாதிபதி கென்னடி அவருக்கு விருது அளித்தார். அதற்குப் பின் பல நாடுகளில் மருந்துச் சட்டங்கள் கடுமையாயின.

நேயர்களே, இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, கர்ப்பகாலத்தில் எந்த மருந்தும் ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவும் தவறு. மனநோய்க்கோ வலிப்புக்கோ ஏற்கெனவே மருந்து சாப்பிடும் பெண், கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாகவே அதை நிறுத்தினால் அவளுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. எதைத் தொடரலாம், எதை மாற்ற வேண்டும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். கடையில் நாமாக வாங்கி விழுங்குவதும் கூடாது, நாமாக நிறுத்துவதும் கூடாது.

அடுத்து வந்த முன்னேற்றம் மிக எளிமையானது. 1987-இல் ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். கடந்த ஏழு நாட்களில் உங்களால் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயம் வந்ததா, தூக்கம் கெட்டதா என்பன போன்ற கேள்விகள். முதலில் பிள்ளை பெற்றவர்களுக்காக அமைந்த இந்தத் தாள், பின்னர் கர்ப்பிணிகளுக்கும் பயன்பட்டது. தமிழ், மலாய் உட்படப் பல மொழிகளுக்கும் வந்திருக்கிறது. வாய் திறந்து சொல்லத் தயங்கும் பெண்ணும், கேட்டால் சொல்வாள் அல்லவா?

சரி, சொன்னபின் என்ன வைத்தியம்? நகரத்துப் பெரிய டாக்டரிடம்தான் போக வேண்டுமா? இதற்கு விடை கிடைத்தது பாகிஸ்தானின் ராவல்பிண்டி வட்டாரக் கிராமங்களில். அங்கே வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பேசிப் புரியவைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். மனம் சோர்ந்த கர்ப்பிணியிடம் உட்கார்ந்து பேசுவது, வீணான எண்ணத்தைக் கண்டுபிடித்து மாற்றப் பழக்குவது, குடும்பத்தாரையும் துணைக்குச் சேர்ப்பது, இவ்வளவுதான். 2008-இல் முடிவு வெளிவந்தது. பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், இந்த முறையில் உதவி பெற்ற தாய்மார்களில் நூற்றுக்கு 23 பேரிடமே சோர்வு மிஞ்சியிருந்தது. அந்த உதவி கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 53 பேர்.

பிற்பாடு அதே ராவல்பிண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில், கலக்கத்தால் தவித்த கர்ப்பிணிகளுக்கே இத்தகைய பேச்சு வைத்தியம் ஆறு அமர்வுகளாகத் தரப்பட்டது. 2024-இல் வெளியான முடிவின்படி, பிள்ளை பிறந்தபின் மனச்சோர்வில் விழுந்தவர்கள் அவர்களில் நூற்றுக்கு 12 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 41 பேர். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. பொறுமையாகக் கேட்கும் காதும், பழகிக்கொண்ட முறையும்தான் அங்கே மருந்து.

இந்த வரலாறு நம் வீட்டுக்குச் சொல்வது என்ன?

கர்ப்பிணிக்குக் கொஞ்சம் கவலை இருப்பது இயற்கை. ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, கெட்ட நினைவே சுற்றிச் சுற்றி வருகிறது என்றால், அது வைத்தியம் வேண்டிய நிலை. மாதாமாதம் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் அந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எடையும் இரத்த அழுத்தமும் மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் போதாது. "மிஸ்ஸி, எனக்கு மனசு சரியில்லை" என்று அந்த நர்ஸிடமே சொல்லுங்கள். இரத்தக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும்கூடப் படபடப்பு வரும். அதையும் அங்கே சோதித்துப் பார்ப்பார்கள். பேச்சு வைத்தியம் போதாதென்றால், கர்ப்பிணிக்குத் தரக்கூடிய மருந்தை மருத்துவர் ஆராய்ந்து தருவார்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடுமையான தலைவலி, இரத்தப் போக்கு, குழந்தை அசைவு குறைதல் இவற்றை வெறும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உயிரோடிருந்து என்ன பயன் என்று அவள் சொன்னால், அன்றைக்கே அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். கணவன்மார்களே, கிளினிக்குக்குக் கூடப் போய் வாருங்கள். மாமியார்மார்களே, "நாங்கள் பெறவில்லையா?" என்று கேட்பதற்குப் பதில், "உனக்கு என்னம்மா பயம், சொல்லு" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் வாளியோடு நடந்த பெண்ணிடம் அப்படிக் கேட்க ஆளில்லை. இன்று நம் வீட்டுப் பெண்ணிடம் கேட்க நாம் இருக்கிறோம்.