கொச்சிக்கடையின் பாடசாலை நாட்காட்டி

பத்திரிகை அலுவலகங்களிலே எவரும் விரும்பி ஏற்காத வேலை ஒன்று உண்டு. பாடசாலைகளிலிருந்து வரும் அறிவித்தல்களைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்புவதே அது. இல்ல மெய்வல்லுநர் போட்டி, பரிசளிப்பு விழா, தமிழ்த்தினப் போட்டி, வாணி விழா, ஒளி விழா, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம் என்று ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும். பிரதம விருந்தினரின் பட்டங்களில் ஒன்று விடுபட்டாலும் மறுநாள் தொலைபேசி அலறும். புதிதாகச் சேர்ந்தவர்களின் தலையிலேயே இந்த வேலை கட்டப்படுவது வழக்கம். என் தலையிலும் சில ஆண்டுகள் இருந்தது.

அலுப்போடு செய்த வேலைதான். ஆயினும் கொழும்பு 13 இலிருந்து, அதாவது கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளிலிருந்து வந்த அறிவித்தல்களைத் தொடர்ந்து படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. ஒரு பாடசாலை எந்த நாளில் மூடுகிறது, எந்த நாளில் விழா எடுக்கிறது என்பதை அதிபர் தன் விருப்பப்படி வகுப்பதில்லை. அந்த நாட்களுள் பல, பெரியவர்கள் தமக்குள் மோதிக்கொண்டு, பின்னர் ஒருவாறு ஒத்துப்போனதன் தழும்புகள்.

இப்பகுதியை அறியாத வாசகர்களுக்குச் சில வரிகள். கொழும்புத் துறைமுகத்தின் மதிலை ஒட்டிக் கிடப்பது கொச்சிக்கடை. கொச்சியிலிருந்து வந்த வணிகர்களால் ஏற்பட்ட பெயர் என்பர். புனித அந்தோனியார் திருத்தலம் இங்கே இருக்கிறது. அதற்கு அண்மையிலேயே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில். மேட்டில் ஏறினால் ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயம்; அப்பால் புனித லூசியா பேராலயம்; அதற்கும் தொலைவில்லாத இடத்தில் தீபதுத்தாராமய பௌத்த விகாரை; இடையிடையே பள்ளிவாசல்கள். ஒரு மாணவன் வீட்டிலிருந்து வகுப்பறைக்கு நடந்து போகும் நேரத்துக்குள் நான்கு மதங்களின் வாசல்களைக் கடந்துவிடுவான்.

காலை ஏழரைக்கு மணி அடிக்கும். பிற்பகல் ஒன்றரைக்கு விடும். அதற்கு முன்னும் பின்னும் ஜம்பட்டா வீதியில் பாடசாலை வான்களும் முச்சக்கரவண்டிகளும் நெருக்கியடிக்கும். செவ்வாய்க்கிழமைகளில் இந்த நெரிசல் இரட்டிப்பாகும், அன்று அந்தோனியாரின் நாள் ஆகையால். பரீட்சைக் காலத்துச் செவ்வாய்களில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். நெற்றியில் திருநீறு பூசியவர்களும் அவர்களுள் இருப்பார்கள் என்பதைக் கொழும்புவாசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விடுமுறைப் பட்டியலுக்கு வருவோம். இலங்கைப் பிள்ளைகள் அனைவரும் ஆவலோடு காத்திருக்கும் வெசாக் விடுமுறை, கொட்டாஞ்சேனைத் தெருவில் சிந்திய இரத்தத்தின் வழியாக வந்தது என்று சொன்னால் இன்றைய மாணவர்களுள் எத்தனை பேர் நம்புவார்கள்? 1883 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தாராமயவை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் ஒன்று புனித லூசியா பேராலயத்தின் அயலில் கத்தோலிக்கக் கூட்டத்தினரால் தாக்கப்பட்டது. ஒரு பௌத்தர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். விகாரையின் தலைவராக இருந்தவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், 1873 இல் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு நேருக்கு நேர் வாதிட்டுப் புகழ்பெற்றவர். தவக்காலத்தின் உச்சத்திலே ஊர்வலங்கள் வந்தது கத்தோலிக்கரைச் சினமூட்டியது. வதந்திகள் எண்ணெய் ஊற்றின. ஊர்வலத்துக்கு அனுமதி கொடுப்பதா மறுப்பதா என்று அதிகாரிகள் தடுமாறியதும் நிலைமையை மோசமாக்கிற்று.

தாக்கியவர்கள் எவரும் தண்டிக்கப்படவில்லை. இதனால் மனங்கசந்த பௌத்தர்கள் பிரம்மஞான சங்கத்தின் கேணல் ஒல்கொட்டை அழைத்தனர். அவர் 1884 இல் லண்டன் சென்று குடியேற்ற நாட்டு அமைச்சிடம் முறையிட்டார். குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கிக்கொடுக்க அவரால் முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கிடைத்தவற்றுள் ஒன்று, வெசாக் தினம் பொது விடுமுறையாக்கப்பட்டமை. ஆளுநர் ஆர்தர் கோர்டனின் காலத்தில், 1885 ஏப்ரல் 28 அன்று அந்த விடுமுறை முதன்முதலாக அனுஷ்டிக்கப்பட்டது. பௌத்தக் கொடி அதே நாளில் அதே தீபதுத்தாராமயவில் ஏற்றப்பட்டது. கேட்ட நீதி கிடைக்கவில்லை, கேளாத விடுமுறை கிடைத்தது என்று ஒரு பழைய பத்திரிகையாளர் கேலியாகச் சொல்வார். அது முழுதும் சரியல்ல. விடுமுறையும் கோரிக்கைகளுள் ஒன்றாகவே இருந்தது. ஆனாலும் அந்தக் கேலியில் ஓர் உண்மை உண்டு. ஒரு பக்கத்துக்கு நீதி வழங்கினால் மறுபக்கம் கொதிக்கும் என்றிருக்கும்போது, அரசுகள் நாட்காட்டியில் ஒரு சிவப்பு எழுத்தைக் கொடுத்துச் சமாளித்துவிடுகின்றன.

அக்காலத்தில் இப்பகுதியின் பெரிய பாடசாலைகள் கத்தோலிக்கத் துறவற சபைகளின் கையில் இருந்தன. புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி 1865 இலும், நல்லாயன் கன்னியர் மடத்தின் பெண்கள் பாடசாலை 1869 இலும் தொடங்கியவை. கொட்டாஞ்சேனைக் கலவரத்துக்குப் பின்னர், பௌத்தர்கள் தமக்கெனப் பாடசாலைகள் அமைப்பதில் முனைந்தனர். 1886 இல் புறக்கோட்டையில் முளைத்த பாடசாலையே பின்னாளில் ஆனந்தாக் கல்லூரியாயிற்று. முஸ்லிம்களின் ஹமீத் அல் ஹுசைனி 1884 இல். சைவர்கள் சற்றுத் தாமதித்தே விழித்தனர். 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் கொழும்பில் இறங்கிச் சொற்பொழிவாற்றிய உற்சாகம் அடங்குமுன்னர், 1902 இல் விவேகானந்த சபை தோன்றியது. அச்சபை அகில இலங்கை ரீதியில் நடத்திவரும் சைவசமய பாடப் பரீட்சை, தமிழ் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்தது. கொட்டாஞ்சேனை மேட்டிலிருக்கும் ஒரு சபையின் பரீட்சைக்காக வடக்கிலும் மலையகத்திலும் பிள்ளைகள் தேவாரம் மனனம் செய்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது.

இனி, அறிவித்தல்களில் நான் அதிகம் கண்ட ஒரு வகைக்கு வருகிறேன். களியாட்ட விழா, அதிர்ஷ்டலாபச் சீட்டு, நிதியுதவிக் காட்சி. கத்தோலிக்கப் பாடசாலைகளிலிருந்தே இவை மிகுதியாக வரும். கன்னியாஸ்திரீகளும் குருமாரும் ஏன் இப்படி ஓயாமல் சீட்டு விற்கிறார்கள் என்று முகஞ்சுளித்தவர்களை அறிவேன். அதற்குக் காரணம் 1960 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று.

இலவசக் கல்வி 1945 இலேயே வந்துவிட்டது. ஆனால் மதநிறுவனங்கள் நடத்திய பாடசாலைகளுக்கு அரசு பணம் கொடுக்க, நிருவாகம் அந்நிறுவனங்களிடமே இருந்தது. பிற மதத்துப் பிள்ளைகள் கிறிஸ்தவப் பாடசாலைகளிலே படிக்க நேர்ந்தது பற்றியும், ஆசிரிய நியமனங்களில் மதம் பார்க்கப்பட்டது பற்றியும் நெடுநாள் முறைப்பாடுகள் இருந்தன. அவற்றில் நியாயமும் இருந்தது. 1960 ஜூலையில் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு, கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத்தைக் கொண்டு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1960 டிசம்பர் முதலாம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. கத்தோலிக்கப் பெற்றோர் கொழும்பிலும் கரையோர ஊர்களிலும் பாடசாலைகளுக்குள் புகுந்து வெளியேற மறுத்தனர். பாய்களோடும் சமையல் பாத்திரங்களோடும் வகுப்பறைகளிலே அந்த நத்தார் கழிந்தது. இறுதியில் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து பேச்சு நடத்த, 1961 ஜனவரியில் முற்றுகை தளர்ந்தது.

பெரும்பாலான பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. இராமகிருஷ்ண மிஷனும் இந்துச் சபைகளும் நடத்தியவையும் அவற்றுள் அடங்கும். தனியாராகவே இருக்க விரும்பிய ஏறத்தாழ 40 கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு வழி ஒன்றே இருந்தது: மாணவரிடம் கட்டணம் அறவிடக் கூடாது, அரசும் ஒரு சதம் தராது. கொட்டாஞ்சேனையின் ஆசீர்வாதப்பர் கல்லூரியும் நல்லாயனும் இந்த வழியையே தேர்ந்தன. ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வரும்? சீட்டிலிருந்தும் களியாட்டத்திலிருந்தும் பழைய மாணவரின் நன்கொடையிலிருந்தும்தான். 1977 இல் ஆட்சி மாறிய பின்னர் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்கத் தொடங்கும்வரை, ஏறத்தாழ இரு பத்தாண்டுகள், இப்பாடசாலைகளின் உயிர் இவற்றிலேயே தொங்கியது. அவசியத்தால் பிறந்தது பழக்கமாயிற்று, பழக்கம் கொண்டாட்டமாயிற்று. இன்று இராட்டினத்தில் ஏறும் பிள்ளைக்கு அதன் பாட்டனார் எதற்காக அந்தச் சீட்டை வீடு வீடாக விற்றார் என்பது தெரியாது.

இதைவிட விசித்திரமானது 1966 முதல் 1971 வரை நாடு அனுபவித்த போயா வாரம். டட்லி சேனநாயக்கவின் அரசு சனி, ஞாயிறு விடுமுறையை ஒழித்து, சந்திரனின் நான்கு நிலைகளையும் அவற்றுக்கு முந்திய நாட்களையும் வாரவிடுமுறை ஆக்கியது. சந்திரன் ஏழு நாள் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை அல்லவா? ஆகவே வாரத்துக்கு வாரம் வேலைநாட்கள் கூடிக் குறைந்தன, ஞாயிறும் வேலைநாளாயிற்று. அதிகாலைப் பூசை முடித்து அப்படியே வகுப்புக்கு ஓடிய கதையைக் கொச்சிக்கடையின் மூத்தோர் பலர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அக்காலத்தில் அவர்களின் பெற்றோர் சிரித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. மதத்தை விட வர்த்தகமே இந்த ஏற்பாட்டை முறித்தது. உலகம் இயங்கும் நாட்களில் துறைமுகமும் வங்கியும் மூடிக்கிடப்பதை எந்த அரசு நெடுங்காலம் தாங்கும்? பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக எஞ்சியது.

1983 ஜூலையில் நாட்காட்டியே அறுந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி உட்படக் கொழும்பின் பாடசாலைக் கட்டடங்கள் அகதி முகாம்களாயின. அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள்; இங்கே விரிக்கவில்லை.

2019 பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. 1883 இன் அந்த ஞாயிற்றுக்கு 136 ஆண்டுகளின் பின்னர். புத்தாண்டு விடுமுறையின் கடைசி நாளும் அதுவே. இரண்டாம் தவணை மறுநாள் தொடங்கவிருந்தது. சீருடைகள் தேய்த்து வைக்கப்பட்டு, புதுக் கொப்பிகளுக்கு உறை போடப்பட்டிருந்த வீடுகளிலிருந்து சென்றவர்கள்தான் அந்தோனியார் திருத்தலத்தின் காலைப் பூசையில் இருந்தவர்கள். எட்டே முக்காலளவில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பின் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலுமாக அன்று 260 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் இறந்தவர்களுள் ஞாயிறு மறைப்பாடசாலையில் அப்போதுதான் வகுப்பு முடித்து வந்த சிறுவர்கள் பலர்.

தவணை தொடக்கம் ஏப்ரல் 29 இற்கும், பின் மே 6 இற்கும் தள்ளிப்போனது. மே 6 இல் மேல் வகுப்புகள் தொடங்கின. கத்தோலிக்கப் பாடசாலைகள் மேலும் காத்திருந்தன. வாசலில் பெற்றோரே நின்று பிள்ளைகளின் புத்தகப்பைகளைச் சோதித்தனர். உணவுப்பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் அதையும் செய்தன பிள்ளைகள். முதலாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரையான வகுப்புகளுக்கு மே 13 என்று நாள் குறிக்கப்பட்டிருந்தது. அதே மே 13 அன்றே மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் கொளுத்தப்பட்டன. குண்டு வைத்தவர்களோடு எவ்வித தொடர்புமில்லாத பிள்ளைகள் பலர், அந்த வாரத்தில் தம் பெயரைச் சொல்லவே அஞ்சினார்கள். கொழும்பு 13 இல் ஒரே வகுப்பறையில் அந்தோனியும் அஹமதும் அருச்சுனனும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பவர்கள். அவர்களின் ஆசிரியர்கள் அந்த வாரங்களில் என்ன சொல்லிப் பாடத்தைத் தொடங்கினார்கள் என்பதை எந்தப் பத்திரிகையும் கேட்டு எழுதவில்லை, நாங்களும் எழுதவில்லை. அமைச்சர்களின் அறிக்கைகளுக்கே பக்கங்கள் போதவில்லை.

திருத்தலம் ஜூன் 12 இல் மீள அருட்பொழிவு செய்யப்பட்டது. மறுநாள் ஜூன் 13, அந்தோனியார் திருநாள். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் தேர் செல்வதற்காக வீதிகள் மூடப்படுவதும், அயலிலுள்ள பாடசாலைகள் தம் அலுவல்களை அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொள்வதும் வழமை.

ஏப்ரல் 21 எந்த விடுமுறைப் பட்டியலிலும் ஏறவில்லை. நினைவுப் பூசையும், எட்டே முக்காலுக்கு மௌன அஞ்சலியும் திருத்தலத்தில் நடக்கின்றன. நல்லவேளையாகவோ அல்லவோ, அந்நாள் பெரும்பாலும் புத்தாண்டு விடுமுறையை ஒட்டியே வருகிறது. ஆகவே வகுப்பில் அதைப் பற்றிப் பேசவேண்டிய தேவை பல ஆண்டுகளில் எழுவதேயில்லை. 2019 இல் பிறந்த பிள்ளைகள் இப்போது ஆரம்பப் பிரிவில் படிக்கிறார்கள். இரண்டாம் தவணை ஏன் மெழுகுதிரியோடு தொடங்குகிறது என்று அவர்களுள் ஒருவர் கேட்டதாகவும், விடை சொல்வதற்குள் அடுத்த பாடத்துக்கான மணி அடித்துவிட்டதாகவும் கொட்டாஞ்சேனை ஆசிரியை ஒருவர் அண்மையில் என்னிடம் சொன்னார்.