புகையில்லாச் சிகரெட்டும் தீராத ஐயமும்

இங்கிலாந்தில் பல ஆண்டுகள் சிகரெட் பிடித்துவிட்டு, பின் அதைக் கைவிட்டு மின் சிகரெட்டுக்கு மாறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருமல் குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் முன்போல் மூச்சு இரைப்பதில்லை. சட்டையில் நாற்றமில்லை. வீட்டாரும் நண்பர்களும் பாராட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கிறார். கிடைப்பதோ வேறு. "ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்திருக்கிறாய், அவ்வளவுதானே?" என்கிறார் ஒருவர். "சிகரெட்டில் என்ன இருக்கிறது என்றாவது தெரியும், இதில் என்ன இருக்கிறதோ!" என்கிறார் மற்றொருவர்.

இது யாரோ ஒருவருடைய மனக்குறை மட்டுமல்ல. பிரிட்டனில் 2024-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பில், சிகரெட் பிடிப்பவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப்பேர், மின் சிகரெட்டும் சிகரெட்டைப் போலவோ அதைவிட அதிகமாகவோ கெடுதல் செய்யும் என்று கருதியது தெரியவந்தது. அந்நாட்டு மருத்துவ நிபுணர்களின் கருத்தோ இதற்கு நேர்மாறானது.

மருத்துவர்கள் ஒன்று சொல்ல, மக்கள் ஏன் வேறொன்றை நம்புகிறார்கள்? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் சிகரெட்டின் வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. "கெடுதல் குறைந்த சிகரெட்" என்ற பேச்சை நம்பி உலகம் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறது. இன்றைய ஐயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விண்டர், கிரகாம் என்ற இருவரும், பிரிட்டனில் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்ற இருவரும் தனித்தனியே ஆராய்ந்து, நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். மூன்றாண்டுகள் கழித்து விண்டரும் கிரகாமும் சிகரெட் புகையிலிருந்து தாரைப் பிரித்தெடுத்துச் சுண்டெலிகளின் முதுகில் தடவிப் பார்த்தபோது, பல எலிகளுக்குப் புற்றுநோய் கண்டது. செய்தி பரவியது, சிகரெட் விற்பனை ஆட்டங்கண்டது. 1954 ஜனவரி 4-ஆம் நாள் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 400-க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. தங்கள் சரக்கு உடல்நலத்துக்குக் கேடானதல்ல என்று நம்புவதாகவும், மக்களின் நலனே தங்களுக்கு முதற்கடமை என்றும் அதில் சொல்லியிருந்தார்கள்.

அறிக்கையால் மட்டும் பயம் போய்விடாதல்லவா? பயத்தைப் போக்க ஒரு பொருள் தேவைப்பட்டது. அதுதான் பில்டர். 1950-ல் அமெரிக்காவில் விற்ற சிகரெட்டுகளில் பில்டர் வைத்தவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 1960-ல் அவை பாதியாகிவிட்டன. பத்தே ஆண்டுகளில் ஒரு நாட்டின் பழக்கமே மாறியது. மாறியவர்கள் அனைவரும் புத்திசாலித்தனமான காரியம் செய்துவிட்டதாகவே எண்ணியிருப்பார்கள்.

அவற்றுள் 1952-ல் வெளிவந்த 'கென்ட்' என்ற சிகரெட்டின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. "மைக்ரோனைட்" என்ற அதிசய வடிகட்டி அதில் இருப்பதாகவும், உடல்நலத்துக்கு அதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லையென்றும் விளம்பரம் செய்தார்கள். அந்த வடிகட்டி எதனால் ஆனது தெரியுமா? நீலக் கல்நாரால்! கல்நார் வகைகளிலேயே மிகக் கொடியது அது; நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்றுநோயை உண்டாக்கவல்லது. 1956 வரை இது விற்பனையில் இருந்தது. இந்த வடிகட்டிக்கான பொருளைத் தயாரித்த ஆலையில் 1953-ல் வேலை பார்த்த 33 தொழிலாளர்களைப் பற்றிப் பின்னாளில் ஆராய்ந்து 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான கணக்குப்படி அதற்குள் சுமார் 8 பேர் இறந்திருக்கவேண்டும். இறந்தவர்கள் 28 பேர்.

அடுத்து வந்தது "லைட்", "மைல்டு" சிகரெட்டுகளின் காலம். இங்கே நடந்த ஏமாற்று நுட்பமானது என்பதால் அதைச் சற்று விளக்கவேண்டும். சிகரெட்டில் எவ்வளவு தார், எவ்வளவு நிகோட்டின் என்று அளப்பதற்கு அமெரிக்காவில் 1967 முதல் ஓர் இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு விநாடி நேரம், 35 மில்லி லிட்டர் புகையை அது இழுக்கும். சிகரெட் நிறுவனங்கள் பில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகளை இட்டன. இயந்திரம் இழுக்கும்போது துளை வழியே வெளிக்காற்றும் கலந்து வந்ததால் தாரின் அளவு குறைவாகக் காட்டியது. ஆனால் மனிதன் இயந்திரமல்ல. அவன் விரல்களும் உதடுகளும் அத்துளைகளை மூடிவிடும். நிகோட்டின் போதவில்லையென்றால் இன்னும் ஆழமாக இழுப்பான். இன்னும் ஒன்று பற்றவைப்பான். பெட்டியின் மேல் அச்சிட்ட எண் குறைந்தது. நுரையீரலுக்குள் போன தார் குறையவில்லை.

இதில் சிகரெட் நிறுவனங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. "விட முடியாவிட்டால் தார் குறைந்ததற்காவது மாறுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு அறிவுரை சொன்ன மருத்துவர்கள் ஏராளம். சர்ஜன் ஜெனரல் எனப்படும் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1981-ஆம் ஆண்டு அறிக்கைகூட, பாதுகாப்பான சிகரெட் என்று எதுவும் இல்லை என எச்சரித்துவிட்டு, தார் குறைந்ததில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் குறையும் என்றே சொன்னது. 2001-ல்தான் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், இந்த மாற்றங்களால் மக்கள் உடல்நலத்துக்கு நன்மை விளைந்ததற்குச் சான்றில்லை என்று விரிவாக எடுத்துக்காட்டியது. "லைட்" போன்ற சொற்கள் அங்கே தடை செய்யப்பட்டது 2010-ல். அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது.

ஆக, "இது கெடுதல் குறைந்தது" என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவருக்குப் பின்னால் அறுபது ஆண்டு அனுபவம் நிற்கிறது.

ஆனால் இதே வரலாற்றில் இன்னொரு கிளையும் உண்டு. 1967-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்திலிருந்த கிளேஸ் லுண்ட்கிரென் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், ஹெல்சிங்போரியில் ஒரு மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய ஓவ ஃபெர்னோ என்ற தம் நண்பருக்கு ஒரு செய்தி எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைபிடிக்க வழியில்லை. அங்கே செல்லும் மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிச் சமாளித்துக்கொண்டார்கள் என்பதே அச்செய்தி. புகையில்லாமல் நிகோட்டினை மட்டும் கொடுத்தால் சிகரெட்டை விடவைக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. ஃபெர்னோ குழுவினரின் பல ஆண்டு உழைப்பில் நிகோட்டின் சூயிங்கம் உருவாயிற்று. 1978-ல் ஸ்விட்சர்லாந்திலும் 1984-ல் அமெரிக்காவிலும் அது மருந்தாக அனுமதி பெற்றது.

நிகோட்டினுக்கு அடிமையானவனை மீட்க நிகோட்டினையே தருவதா? கள்ளை மறக்கச் சாராயமா? இப்படிக் கேட்கத் தோன்றுவது இயற்கை. இதற்கு விடை தந்தவர் லண்டன் மனநல மருத்துவ ஆராய்ச்சியாளர் மைக்கேல் ரஸ்ஸல். மனிதனைச் சிகரெட்டோடு கட்டிப்போடுவது நிகோட்டின். அவனைக் கொல்வதோ பெரும்பாலும் தாரும் புகையும். இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று அவர் 1976-லேயே எழுதினார். சிகரெட்டின் எரியும் முனையில் வெப்பம் ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடு. அந்த நெருப்பில் புகையிலை வெந்து சிதைந்து 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களாக மாறுகிறது. அவற்றுள் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பில்டரும் லைட்டும் இந்த நெருப்பைத் தொடவே இல்லை. சூயிங்கம்மில் நெருப்பே இல்லை. வேறுபாடு இங்கேதான்.

நிகோட்டின் மாற்று மருந்துகள் 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றின்மீது எழுந்த ஐயம் பெரும்பாலும் தணிந்தது.

மின் சிகரெட்டிலும் நெருப்பு இல்லை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963-ல் விண்ணப்பித்து 1965-ல் காப்புரிமை பெற்றார். அதை யாரும் தயாரித்து விற்கவில்லை. சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளர்தான் 2003 வாக்கில் விற்பனைக்கேற்ற கருவியை உருவாக்கினார். அவரே கடுமையாகப் புகைபிடித்தவர். புகைபிடித்த அவர் தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். இன்றைய கருவியின் அமைப்பு எளிது. ஒரு பேட்டரி, ஒரு சிறு கம்பிச்சுருள், புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நிகோட்டினும் மணப்பொருளும் கலந்த திரவம். சுருள் சூடானதும் திரவம் ஆவியாகி, உடனே குளிர்ந்து நுண்துளிகளாகிறது. நாம் வெண்புகை என்று காண்பது புகையன்று. மூடுபனி போன்ற நுண்துளிப் படலம்.

அப்படியானால் சூயிங்கம்மைப் போல இதுவும் நம்பிக்கை பெற்றிருக்கலாமே? பெறாததற்குக் காரணம் அது வந்த வழி. சூயிங்கம் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மருந்துக்கடைக்கு வந்தது. மின் சிகரெட் தொழிற்சாலையிலிருந்து நேரே சந்தைக்கு வந்தது. சோதனைகள் பின்னால் ஓடிவந்தன. இது மருத்துவச் சிகிச்சை என்று காட்டச் சில விற்பனையாளர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் பெயரையே பயன்படுத்த, அந்நிறுவனம் 2008-ல் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. 2009-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சில குப்பிகளைச் சோதித்தபோது, ஒன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது.

பிரிட்டன் வேறு வழி போயிற்று. 2015-ல் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு, மின் சிகரெட் சிகரெட்டைவிட ஏறக்குறைய 95 சதவீதம் கெடுதல் குறைந்தது என்று அறிவித்தது. 'லான்செட்' மருத்துவ இதழ் உடனே இதைக் கண்டித்தது. அந்த எண்ணுக்கு அடிப்படை ஒரு டஜன் நிபுணர்கள் கூடி மதிப்பெண் போட்ட முயற்சியே என்று சுட்டிக்காட்டியது. என்னைக் கேட்டால், எண் சொல்லாமல் "மிகவும் குறைவு" என்று மட்டும் சொல்லியிருந்தால் நம்பிக்கை கூடியிருக்கும். பெட்டியில் அச்சிட்ட எண்ணால் ஒருமுறை ஏமாந்தவர்களிடம் மறுபடியும் ஓர் எண்ணையா நீட்டுவது?

உறுதியான அளவைகள் பிறகு வந்தன. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், சிகரெட்டை அறவே விட்டு நெடுநாள் மின் சிகரெட்டை மட்டும் பயன்படுத்தியவர்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். புகையிலைக்கே உரிய கொடிய புற்றுநோய்ப் பொருள் ஒன்றின் எச்சம், சிகரெட் பிடிப்பவர்களிடம் இருந்ததைவிட 97 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் பகலில் மின் சிகரெட், இரவில் சிகரெட் என்று இரண்டையும் வைத்துக்கொண்டவர்களிடம் சொல்லத்தக்க குறைவு இல்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்து "என்ன பயன்?" என்று கேட்பவர் கேட்பது சரிதான்.

2019-ல் இங்கிலாந்தில் சிகரெட்டை விட விரும்பிய 886 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்த முடிவு வெளிவந்தது. ஓராண்டு கழித்துச் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள், மின் சிகரெட் பெற்ற பிரிவில் 18 சதவீதம். சூயிங்கம் முதலிய மாற்று மருந்து பெற்ற பிரிவில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் சிகரெட்டை விட்டவர்களில், முதற் பிரிவில் 80 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின்னும் மின் சிகரெட்டைக் கைவிடவில்லை. மாறியவரும் ஐயப்படுபவரும் இந்த ஒரே ஆய்விலிருந்து தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்!

அதே 2019-ல் அமெரிக்காவில் மின் கருவிகளைப் பயன்படுத்தியவர்கள் திடீரென்று மூச்சுத்திணறி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் அவ்வாறு பதிவானவர்கள் 2,807 பேர். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் காரணம், கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தைக் குப்பிகளில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப்பொருள் என்று கண்டறிந்தார்கள். கடையில் விற்கும் நிகோட்டின் திரவத்தில் அப்பொருள் வழக்கமாகச் சேர்க்கப்படுவதில்லை. ஆனால் மரணச் செய்தி ஓடிய வேகத்தில் விளக்கம் ஓடவில்லை.

அவ்வாண்டு அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதத்தினர் மின் சிகரெட் பயன்படுத்தினார்கள். சிகரெட்டே பிடித்திராத பிள்ளைகளும் இதில் அடக்கம். அவர்களுக்கு இது மாற்று அல்ல, தொடக்கம். இளைஞரிடையே பெயர் பெற்ற 'ஜூல்' நிறுவனத்தின் 35 சதவீதப் பங்கை 2018 டிசம்பரில் 1,280 கோடி டாலருக்கு வாங்கியது யார்? அமெரிக்காவில் மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா நிறுவனம். 1954-ஆம் ஆண்டு அறிக்கையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

நம் நாட்டில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தாலும் பின்னர் நாடாளுமன்றச் சட்டத்தாலும் மின் சிகரெட்டின் தயாரிப்பும் விற்பனையும் தடை செய்யப்பட்டன. இளைஞர்களைக் காப்பதே முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணம். சிகரெட்டும் பீடியும் மட்டும் பெட்டிக்கடையில் வழக்கம்போலத் தொங்குகின்றன. பிரிட்டனிலோ, சிகரெட்டை விட விரும்பும் 10 இலட்சம் பேருக்கு மின் சிகரெட்டை அளிக்கும் திட்டத்தை அரசே 2023-ல் அறிவித்தது; பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் போகிறது என்பதும் ஒரு காரணமாக, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 ஜூன் முதல் தடை செய்தது.

மின் சிகரெட் தீங்கற்றது என்று எந்த நல்ல மருத்துவரும் சொல்வதில்லை. நிகோட்டின் அடிமைப்படுத்தும், இதயத் துடிப்பை விரைவாக்கும். சுருள் அதிகம் சூடேறினால் பார்மால்டிஹைடு உண்டாகும். முப்பது நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து இழுத்தால் நுரையீரல் என்னாகும் என்பது தர்க்கத்தால் தீரும் கேள்வியல்ல, எண்ணித்தான் பார்க்கவேண்டும். டால் அப்படித்தான் எண்ணினார். பிரிட்டனின் ஆண் மருத்துவர்கள் 34,439 பேரின் புகைப்பழக்கத்தை 1951-ல் கேட்டறிந்து, 2001 வரை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழந்தார்கள் என்றும், ஐம்பது வயதில் விட்டவர்கள் அந்த இழப்பில் பாதியையேனும் தவிர்த்தார்கள் என்றும் 2004-ல் வெளியிட்டார். மின் சிகரெட் ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தது 2006-ஐ ஒட்டித்தான். அப்போது நாற்பது வயதில் மாறியவர்கள் இப்போதுதான் அறுபதைத் தொடுகிறார்கள்.