ஊவாத் தோட்டங்களில் எஞ்சின் புகையும் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

பெருந்தோட்ட வரலாறு நிலம், மூலதனம், உழைப்பு ஆகியவற்றின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அங்கு இயங்கிய எஞ்சின்களின் புகையை யார் சுவாசித்தனர் என்பதும் அவ்வரலாற்றுக்கு உரிய வினாவேயாகும்.

கோப்பிக் காலத்தில் தோட்ட இயந்திரங்களைச் சுழற்றியது பெரும்பாலும் நீர்ச்சில்லே. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி வீழ்ந்து தேயிலை பரவியபோது, கொழுந்தை உருட்டவும் உலர்த்தவும் கூடிய ஆற்றல் வேண்டியதாயிற்று. நீராவி எஞ்சினும், பின்னர் எண்ணெய் எஞ்சினும் தொழிற்சாலைகளுட் புகுந்தன. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியமை பாரிய இயந்திரங்களையும் எரிபொருளையும் கொண்டுவருதலை எளிதாக்கிற்று. 1950இல் லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், மின்சாரம் படிப்படியாக மலையகத் தொழிற்சாலைகளை அடைந்தது; டீசல் எஞ்சின் மின்தடைக் காலத் துணையாகச் சுருங்கிற்று.

ஆயின் எஞ்சின் தோட்டத்தை விட்டு நீங்கவில்லை. அது சிறுத்து, தொழிற்சாலையிலிருந்து மலைக்கு ஏறிற்று. மருந்தடிக்கும் இயந்திரமாகவும் புல்வெட்டும் இயந்திரமாகவும் தொழிலாளியின் முதுகிலும் தோளிலும் அமர்ந்தது. 2015இல் கிளைபோசேற் களைகொல்லி தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்படும் வரை, களையகற்றும் சுமை கைகளின் மீதும் இவ்வியந்திரங்களின் மீதும் விழுந்தது. முன்னைய புகை கூரைக்கு மேலே குழாய்வழி சென்றது. இப்புகையோ மூச்சுக்கு ஒரு முழத் தூரத்தில் எழுகின்றது.

சட்டம் சென்ற வழி வேறாகும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் வாகனப் புகைக்கு வரம்புகள் விதிக்கப்பட்டன. 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துடன் இணைக்கப்பட்டது. எனவே, அனுமதிப்பத்திரம் வேண்டாத கைக்கருவியை அப்பரிசோதனை தீண்டுவதில்லை. இருவீச்சு எஞ்சினில் எரிபொருளின் கணிசமான பங்கு எரியாமலே வெளியேறும். இக்குறையுடைய இருவீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டது. அதே வகை எஞ்சின் தேயிலைச் சரிவில் தொடர்ந்து இயங்கியமை நோக்கற்பாலது.

பிறநாடுகளிலும் வீதியே முதலிற் கவனம் பெற்றது. எனினும் அங்கு சட்டம் வீதியோடு நின்றுவிடவில்லை. கலிபோர்னியாவில் 1995 முதல் சிறு எஞ்சின்களுக்கு வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் வீதிசாரா இயந்திரங்களுக்குப் பணிப்புரை வகுத்தது. இந்தியா 1999இல் உழவு இயந்திரங்களுக்கு நியமம் விதித்தது. டீசல் புகை மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பது என, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது.

ஓர் எஞ்சின் எவ்வீதியில் ஓடுகின்றது என்பதைக் கொண்டு அதன் புகையை அளக்கும் முறை, வீதியே காணாத எஞ்சினைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகின்றது. அதனை ஏந்தி நிற்பவனும் உடன் தள்ளப்படுகின்றான். வீதியை அன்றி, எஞ்சினுக்கு மிக அண்மையிலுள்ள மூச்சை அளவுகோலாகக் கொள்ளும் சட்டமே ஊவாத் தொழிலாளியை வந்தடையும் எனலாம்.