நிசான் டாட் காம் என்ன விலை?

ஒரகடம் கூட்ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் மொபைலை நீட்டினார். "தலைவரே, இதைக் கொஞ்சம் படிச்சு அர்த்தம் சொல்லுங்க."

படித்தேன். அவரிடம் இருக்கும் ஒரு டொமைன் பெயருக்கு நாற்பதாயிரம் டாலர் தருகிறோம், அதற்கு முன் இன்ன தளத்தில் இருநூறு டாலர் கட்டி ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வாங்கிவிடுங்கள் என்று மெயில். மனுஷன் கார்டைக் கையிலேயே எடுத்து வைத்திருந்தார்!

நண்பர் இந்தப் பக்கத்து நிலத் தரகர். 2008ல் ரெனோ-நிசான் ஒப்பந்தம் கையெழுத்தாகி, வல்லக்கோட்டை வரைக்கும் கல் நட்டு பிளாட் போட்டுக்கொண்டிருந்த காலம். அப்போது யாரோ சொன்னார்கள் என்று இரண்டு பெயர்களைப் பதிவு செய்திருக்கிறார். ஒன்று, நிசான் பெயரையும் நம்ம ஊர் பெயரையும் ஒட்டியது. இன்னொன்று, ஊர் பெயரோடு பிளாட் என்று சேர்த்தது. வருஷா வருஷம் புதுப்பித்து இதுவரை இருபதாயிரத்துக்கு மேல் போய்விட்டது. மெயில் வந்தது முதல் பெயருக்கு.

அந்தச் சான்றிதழ் சமாச்சாரம் ரொம்பப் பழைய ஏமாற்று. காசைக் கட்டியதும் வாங்க வந்தவர் காணாமல் போய்விடுவார். அதைச் சொல்லிக் கார்டை உள்ளே வைக்கச் செய்தேன். "அப்ப இந்தப் பேருக்கு வெலையே இல்லையா?" என்றார். அதற்குப் பதில் சொல்லப்போய்தான் இந்தக் கதை.

1994 ஜூன். அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலம், ராலே நகரம். ஊஸி நிசான் என்று ஒருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். ஜெருசலேமில் பிறந்தவர். நிசான் என்பது அவர் குடும்பப் பெயர். யூதர்களின் நாட்காட்டியில் ஒரு மாதத்தின் பெயரும் அதுதான் (நம்ம பங்குனி, சித்திரை வாக்கில் வரும்). 1980லேயே தன் பெயரில் கார் ரிப்பேர் கடை வைத்தார், 1991ல் நிசான் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன். அந்தக் கடைக்காக நிசான் டாட் காமைப் பதிவு செய்தார். அப்போது பதிவுக்குக் கட்டணமே கிடையாது! வருஷத்துக்கு 50 டாலர் வாங்க ஆரம்பித்ததே 1995 செப்டம்பரில்தான்.

ஜப்பான் கம்பெனிக்கு அந்தப் பெயர் வந்த வழி வேறு. நிஹோன் சாங்யோ, அதாவது 'ஜப்பான் தொழில்' என்பதன் சுருக்கம். 1934 முதல் நிசான் மோட்டார். ஆனால் அமெரிக்காவில் அவர்கள் வண்டி விற்றது டட்சன் என்ற பெயரில். நிசான் என்று மாற்றப்போவதாகச் சொன்னதே 1981ல். ஊஸி போர்டு மாட்டிய பிறகு!

1999ல் ஊஸியின் பக்கத்தில் கார் விளம்பரங்கள் வந்தன. இடம் பிடித்தவர் வாடகைக்கு விட்டார் என்று வையுங்களேன். அக்டோபரில் இரு தரப்பும் பேசினார்கள், பேச்சு முறிந்தது. நவம்பரில் பெயர் பதுக்கலுக்கு எதிராக அமெரிக்காவில் புதுச் சட்டம். டிசம்பரில் நிசான் மோட்டார் வழக்குப் போட்டது, ஒரு கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு.

இங்கேதான் விலை விவகாரம் சூடு பிடிக்கிறது. அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். 1997ல் ஒன்றரை லட்சம் டாலருக்குப் போன பிசினஸ் டாட் காம், 1999ல் 75 லட்சம் டாலருக்குக் கைமாறியது. நம்ம சென்னை சத்யம் இன்ஃபோவே அதே வருஷம் ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்குப் பேசி முடித்தது. அதில் சமாச்சார், கோஜ், பாவர்ச்சி என்று சொன்னவுடன் மனதில் நிற்கும் பெயர்கள். (தளத்துக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று பிரித்தால் சண்டைதான் வரும். பெயருக்கே பெரும் பங்கு என்பது என் கட்சி.)

இப்படிப்பட்ட விற்பனைகளை வைத்து ஒப்பிட்டுத்தான் இன்றும் மதிப்பு போடுகிறார்கள். சின்னப் பெயரா, காதால் கேட்டே தப்பில்லாமல் டைப் அடிக்க முடியுமா, டாட் காமா வேறு வாலா, அகராதிச் சொல்லா, அதேபோல் ஒன்று சமீபத்தில் என்ன விலைக்குப் போனது. நண்பருக்கு இது நன்றாகவே புரிந்தது. பக்கத்து சர்வே நம்பர் என்ன ரேட் போச்சு என்று கேட்பது போலத்தானே! இந்தக் கணக்குப்படி நிசான் டாட் காம் பல மில்லியன் டாலர் சொத்து.

ஆனால் யாரிடம் விற்பது? அவ்வளவு கொடுத்து வாங்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். மற்ற யார் வாங்கினாலும் வழக்கையும் சேர்த்து வாங்க வேண்டும். அந்த ஒருவரிடமும் வாயைத் திறந்து விலை சொன்னால், "பார், விற்கத்தான் வைத்திருக்கிறான்" என்று கோர்ட்டில் அதையே சாட்சியாக்குவார்கள். நிலத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறோமே, அதை இந்த மதிப்பீட்டுத் தளங்கள் போட்டுப் பார்ப்பதே இல்லை. எழுத்தை எண்ணிவிட்டு விலையைச் சொல்லிவிடும்.

வழக்கு பல வருஷம் இழுத்தது. கார் விளம்பரம் போட்டது தப்பு என்றது கோர்ட். 2004ல் மேல் கோர்ட், கார் கம்பெனியின் பெயர் எவ்வளவு பிரபலம் என்பதை ஊஸி தன் பெயரைக் கம்ப்யூட்டர் தொழிலுக்கு வைத்த காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. அவர் பக்கத்தில் அந்தக் கம்பெனியை விமர்சித்து எழுதக் கூடாது என்ற தடையையும் நீக்கியது. கடைசியில் பெயர் ஊஸியிடமே தங்கியது. வக்கீல் செலவில் மனுஷன் ஓட்டாண்டி ஆகாத குறை. கார் கம்பெனி அமெரிக்காவில் பின்னால் யுஎஸ்ஏ ஒட்டிய பெயரிலேயே காலம் தள்ளியது. 2010 மார்ச்சில் இதோ இந்த ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்து மைக்ரா ஓட்டிக் காட்டியபோதும் நிசான் டாட் காமைத் திறந்தால் ராலே கம்ப்யூட்டர் கடைக்காரரின் வழக்குக் கதைதான் வரும். டட்சன் பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்து இங்கேயே கோ என்று சின்னக் கார் செய்தார்கள், 2022ல் அதுவும் நின்றது. ஊஸி 2020 ஜூலையில் கொரோனாவில் இறந்தார். உயிரோடு இருந்தவரை பெயரை விடவில்லை.

"விட்டிருந்தா கோடீஸ்வரன் ஆயிருக்கலாமே" என்றார் நண்பர். ஆகியிருக்கலாம். டெஸ்லா டாட் காமை 1992லிருந்து வைத்திருந்தவர் 2016ல் கொடுத்தார். பத்து வருஷ முயற்சி, 1.1 கோடி டாலர் என்று 2018ல் எலான் மஸ்க் சொன்னார். அந்தப் பெயருக்கும் ஒரே பெரிய வாங்குபவர்தான், ஆனால் சண்டை இல்லாமல் முடிந்தது.

"எனக்கும் அப்படி முடியாதா?"

அவருக்கு நம்ம ஊர்க் கதையைச் சொன்னேன். சிஃபி என்பது சத்யம் இன்ஃபோவே என்பதிலிருந்து செய்த பெயர், 1999லேயே பதிவு. 2001ல் இன்னொரு கம்பெனி கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில் சிஃபிநெட் என்று பதிவு செய்தது. கேட்டதற்கு, எங்கள் பங்குதாரர்கள் ஐந்து பேரின் முதல் எழுத்து என்றார்கள். (யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்!) பெங்களூர் சிவில் கோர்ட் தடை போட்டது, கர்நாடக ஹைகோர்ட் தடையை நீக்கியது. 2004 மே 6ல் சுப்ரீம் கோர்ட் டொமைன் பெயருக்கும் வணிக முத்திரை போலவே பாதுகாப்பு உண்டு என்று சொல்லி, தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த ஐந்தெழுத்துக் கதையை அவர்கள் நம்பவில்லை.

ஊஸிக்குப் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயர் இருந்தது. அப்படியும் அந்தப் பாடு. "உங்க பேர்ல நிசான் எங்கே இருக்கு?" என்றேன். நண்பர் சிரிக்கவில்லை.

இரண்டாவது பெயரைப் பற்றி அப்புறம்தான் பேசினோம். ஊர் பெயர், கூடவே பிளாட். யார் வீட்டுச் சொத்தும் இல்லை, வில்லங்கம் இல்லை. தேடுகிற ஆள் உண்டு, வாங்கக்கூடிய தரகர்களும் பத்துப் பேராவது தேறுவார்கள். சில ஆயிரம் ரூபாய் பெறும், நல்ல ஆள் மாட்டினால் கொஞ்சம் கூட. "நாற்பதாயிரம் டாலர்னு சொன்னது போய் ஆயிரத்துக்கு வந்துட்டீங்களே" என்று முனகினார்.

அடுத்த மாதம் புதுப்பிக்கும் தேதி. முதல் பெயரை விட்டுவிட்டார். இரண்டாவதுக்குக் காசு கட்டிவிட்டு, டீக்கும் அவரே கொடுத்தார்.