ஃபியூஸைப் பிடுங்கும் உரிமை யாருக்கு?

செமஸ்டர் லீவில் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். அதனால் இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம்... பொறுமையாகப் படியுங்கள்.

எல்லாம் கேன்டீனில் நடந்த ஒரு சண்டையில் ஆரம்பித்தது. காசாவுக்கு இஸ்ரேல் மின்சாரத்தை நிறுத்தியதைப் பற்றி நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். வகுப்பு நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம், இதைப் படிப்பான்!) டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "பில் கட்டலேன்னா நம்ம வீட்டு ஃபியூஸையும்தான் ஈ.பி.காரன் பிடுங்குறான். எதிரிக்கு எவனாவது கரண்ட் விப்பானா? ரஷ்யா உக்ரைனுக்கு கேஸை நிறுத்தினப்ப எவனாவது மனித உரிமைன்னு கத்தினானா? சரி விடு, 2017-ல காசாவுக்குக் கரண்டைக் குறைக்கச் சொன்னது யாருன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன். "அப்பாஸ்" என்றான். பாலஸ்தீன அதிபரேவா? நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், அவன் சொன்னது உண்மை. எனக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. இரண்டு வருடமாகக் காசா காசா என்று பேசுகிறவனுக்கு இது தெரியவில்லையே!

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பி.காம். படிப்பவர்களுக்குத் தெரியும். பணம் வராத விற்பனையாளர் சரக்கைத் தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டமே சொல்கிறது. 2006 ஜனவரி 1 அன்று ரஷ்யாவின் காஸ்ப்ரோம் உக்ரைனுக்கு எரிவாயுவை நிறுத்தியபோதும் சண்டை விலையில்தான். ஆயிரம் கன மீட்டருக்கு 50 டாலர் இருந்த விலையை 230 டாலர் ஆக்க வேண்டும் என்றார்கள். நான்காம் தேதி சமரசம் ஆகிவிட்டது. அரசியல் மிரட்டல் என்று மேற்கு நாடுகள் திட்டின. ஆனால் மனித உரிமை மீறல் என்ற பேச்சு பெரிதாக எழவில்லை. 2009 ஜனவரியில் மறுபடியும் அதே சண்டை வந்து, உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் வாயுவும் கிட்டத்தட்ட இரண்டு வாரம் நின்றுபோனது. கடும் குளிரில் அதிகம் மாட்டிக்கொண்டது இந்தத் தகராறில் சம்பந்தமே இல்லாத பல்கேரியா. இந்த இடத்தில் என் நண்பனுக்குத்தான் வெற்றி. அந்தக் குளிரைப் பற்றி இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

ஆனால் இதே கணக்கைக் காசாவுக்கு அப்படியே போட முடியுமா? என்னைப் பொறுத்தவரை முடியாது. கடைக்காரர் விற்க மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். அடுத்த கடைக்குப் போகும் தெருவையும் அதே கடைக்காரர் அடைத்து வைத்திருந்தால்?

காசாவில் இருப்பது ஒரே ஒரு மின் நிலையம். 2002-ல் ஓடத் தொடங்கியது, திறன் 140 மெகாவாட். 2006 ஜூன் 25-ல் இஸ்ரேலிய சிப்பாய் கிலாத் ஷாலித்தை ஹமாஸும் கூட்டாளிகளும் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றே நாளில், 28-ஆம் தேதி, அந்த நிலையத்தின் ஆறு டிரான்ஸ்பார்மர்களையும் இஸ்ரேல் விமானப்படை குண்டு வீசி அழித்தது. இது போர்க்குற்றம் என்று சொன்னது யார் தெரியுமா? இஸ்ரேலிலேயே இருக்கும் பெத்ஸெலெம் என்ற மனித உரிமை அமைப்பு. நிலையத்துக்கு வேண்டிய டீசலும் இஸ்ரேல் கட்டுப்பாட்டில் இருந்த வழியாகத்தான் வர வேண்டும். கடல் வழி மூடல், விமான நிலையம் நாசம். இஸ்ரேல் லைன்களில் வரும் சுமார் 120 மெகாவாட்டுக்குப் பில்லா? பாலஸ்தீன ஆணையத்துக்காக இஸ்ரேல் வசூலித்துத் தர வேண்டிய வரிப் பணத்திலிருந்து பெரும்பாலும் முன்கூட்டியே கழித்துக்கொள்ளப்பட்டது. ஈ.பி.காரன் உதாரணம் இந்த இடத்திலேயே படுத்துவிடுகிறது.

2007 செப்டம்பரில் காசாவை "எதிரிப் பிரதேசம்" என்று அறிவித்து எரிபொருளைக் குறைத்தார்கள். பிறகு 10 மின் லைன்களில் 3-ல் 5 சதவீதம் குறைக்கும் திட்டம். வழக்கு இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2008 ஜனவரியில் நீதிமன்றம் குறைப்பை அனுமதித்தது. ஆனால் அதே தீர்ப்பில், பல வருட ராணுவ ஆட்சியால் காசா இஸ்ரேல் மின்சாரத்தையே நம்பி இருக்கும்படி ஆகிவிட்டது, அதனால் அடிப்படை மனிதத் தேவைக்கு வழி விடும் கடமை உண்டு என்றும் சொன்னது. விற்க மறுப்பவன் வாதம் அந்த நாட்டு நீதிமன்றத்திலேயே முழுசாக எடுபடவில்லை.

இப்போது அப்பாஸ் விஷயம். ஹமாஸை அடக்குவதற்காக, மாதம் சுமார் 4 கோடி ஷெக்கெல் வந்த பில்லில் இனி முழுசாகக் கட்ட மாட்டேன் என்று ராமல்லா சொன்னது. 2017 ஜூன் 19 முதல் இஸ்ரேலும் அதைக் காரணமாகக் காட்டி லைன்களைக் குறைத்தது. வீடுகளுக்கு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் கரண்ட். 2018 ஜனவரியில்தான் பழைய அளவு திரும்பியது. அப்போது இஸ்ரேலிய அமைப்பான கிஷா சும்மா இருக்கவில்லை. 2008 வழக்கில் நின்ற அதே அமைப்பு இதையும் எதிர்த்தது. சும்மா இருந்தது என்னைப் போன்றவர்கள்தான் (எனக்கு அப்போது 13 வயது என்பது சாக்கு. பிறகும் தேடவில்லையே).

அரசாங்கங்களின் கதை இன்னும் மோசம். 1991-ல் அமெரிக்கக் கூட்டணி ஈராக்கின் மின் நிலையங்களை நொறுக்கியது. அதே வருடம் மிடில் ஈஸ்ட் வாட்ச் அதைக் கண்டித்து அறிக்கை எழுதியது. 1999 மே மாதம் நேட்டோ கிராஃபைட் குண்டு போட்டு ஒரே இரவில் செர்பியாவின் சுமார் 70 சதவீதப் பகுதியை இருட்டாக்கியது. 2022 அக்டோபரில் உக்ரைன் மின் நிலையங்கள் மீது ரஷ்யா தாக்கியதைப் போர்க்குற்றம் என்றார் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன். சரியாகத்தான் சொன்னார். ஒரு வருடம் கழித்து, 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய படுகொலைக்குப் பின், 9-ஆம் தேதி, மின்சாரம், உணவு, எரிபொருள் எதுவும் கிடையாது என்று இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் கலாண்ட் அறிவித்தார். அம்மையார் அந்த வாரம் இஸ்ரேலுக்கே போனார், அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. மறுநாளே இது சர்வதேச சட்டத்துக்கு எதிரானது என்று சொன்னவர் அவருடைய சக அதிகாரி பொரெல்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024-ல் உக்ரைன் மின் நிலையங்களுக்காக ரஷ்யத் தளபதிகள் மீதும், நவம்பரில் நெதன்யாகு, கலாண்ட் மீதும் வாரன்ட் போட்டது. இரண்டாவதற்குச் சொன்ன காரணங்களில் மின்சாரத்தை மறுத்ததும் உண்டு. முதலாவதுக்குக் கைதட்டிய தலைநகரங்கள் சில, இரண்டாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

எழுதி முடித்து நண்பனிடம் காட்டினேன். பல்கேரியாவை ஒத்துக்கொண்டதற்காக டீ வாங்கிக் கொடுத்தான். உடனே அடுத்த கேள்வி. 2000-ல் எரித்திரியாவின் ஹிர்கிகோ மின் நிலையத்தை எத்தியோப்பியா குண்டு போட்டுச் சேதப்படுத்தியது. 2005-ல் சர்வதேச நடுவர் ஆணையம் பெரும்பான்மையாக அது சட்டப்படியான இலக்குதான் என்று தீர்ப்பளித்தது. "அப்ப இதுக்கு என்ன சொல்ற?" என்கிறான். தீர்ப்பை டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன். படிக்க வேண்டும்.