ரேகைச் சட்டம்: மதுரைச் சீமையில் ஒரு தத்துவத்தின் விதிவிலக்கு

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ஆம் ஆண்டு வட இந்தியாவுக்காக இயற்றப்பட்டு, 1911-இல் விரிவாக்கப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, திருமங்கலம், செக்கானூரணி வட்டாரங்களில் வாழும் பிறமலைக் கள்ளர்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். அதன் வேர், சுதந்திரத்தைப் பற்றி அதிகம் எழுதிய பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையிலேயே இருந்தது.

ஆளப்படுவோரின் சம்மதமே அரசின் அடிப்படை என்றார் ஜான் லாக். சட்டத்தின் நோக்கம் பெரும்பான்மையோரின் நலன் என்றார் ஜெரமி பெந்தாம். அவருடைய சீடர் ஜேம்ஸ் மில், இந்தியாவுக்கு வராமலேயே 1817-இல் இந்திய வரலாறு எழுதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் உயர் பதவி பெற்றார். அவர் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் அதே அலுவலகத்தில் 1823 முதல் 1858 வரை பணிபுரிந்தார். ‘சுதந்திரம் பற்றி’ என்ற அவருடைய நூல் 1859-இல் வெளிவந்தது. பிறருக்குத் தீங்கு செய்யாத ஒருவர் மீது அரசு கைவைக்கக் கூடாது என்பது அதன் மையக் கருத்து. ஆனால் வளர்ச்சி பெறாத சமூகங்களுக்கு இது பொருந்தாது என்று அதே நூலில் அவர் விலக்கும் வைத்தார். காலனி ஆட்சி இந்த விலக்கிலேயே நின்றது.

வைஸ்ராய் ஆட்சிக் குழுவில் 1862 முதல் சட்ட உறுப்பினராக இருந்த ஹென்றி மெய்ன், பிறப்பு வழி வந்த தகுதியிலிருந்து தனிமனித ஒப்பந்தத்தை நோக்கி நகர்வதே சமூக முன்னேற்றம் என்று எழுதியவர். அவருக்குப் பின் 1869-இல் அந்தப் பதவிக்கு வந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். சட்டத்தின் அடித்தளம் அதிகாரமே என்று கருதிய அவர், மில்லை மறுத்து 1873-இல் ஒரு நூலே வெளியிட்டார். குற்றப் பரம்பரைச் சட்டம் நிறைவேறியது அவர் பதவிக் காலத்தில்தான். சாதித் தொழில் தலைமுறை தலைமுறையாக வருவதுபோல் குற்றமும் வரும் என்பது அதன் வாதம். 1860-இன் தண்டனைச் சட்டம் செய்த செயலுக்குத் தண்டனை தந்தது. இந்தச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது.

மதுரைச் சமவெளியில் கள்ளர்கள் செய்துவந்த காவல் ஒரு பழைய ஏற்பாடு. காவல்காரர்கள் ஊரையும் களத்தையும் காத்து, அறுவடையில் தானியம் பெற்றார்கள். களவு போனதைத் தேடிக் கொடுப்பதும், முடியாவிட்டால் ஈடு கட்டுவதும் அவர்கள் பொறுப்பு. திருடுபோன மாட்டை மீட்டுத் தர வாங்கிய பணத்துக்குத் துப்புக்கூலி என்று பெயர். ஆங்கில அரசு தன் போலீசை நிறுவியபின் இந்த ஏற்பாடு மிரட்டிப் பணம் பறிப்பதாகவே அதன் கோப்புகளில் பதிவானது. 1914-இல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது பிற ஊர்களுக்கும் பரவியது.

சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டவர் பதிவேட்டில் கைரேகை வைக்க வேண்டும். குறித்த வேளையில் ஆஜராக வேண்டும். ஊர் மாறினால் தெரிவிக்க வேண்டும். இரவில் வெளியூர் போக ராத்திரிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். ஒரு சமூகத்தை அரசு குற்றப் பரம்பரையென அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. ஒரு தவறும் செய்யாதவர் தான் குற்றமற்றவர் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வழி இருக்கவில்லை.

உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். பலர் விலங்கிடப்பட்டுத் திருமங்கலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். லாக் சொன்ன சம்மதத்தை அந்த ஊர் தர மறுத்தது. அதற்குக் கிடைத்த பதில் இது.

நீதிமன்றங்களில் இம்மக்களுக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்தின் செங்கன்னூரில் பிறந்து, எடின்பரோவில் தத்துவமும் லண்டனில் சட்டமும் படித்து, 1909-இல் நாடு திரும்பி மதுரையில் தொழில் நடத்தினார். இன்று கே.கே. நகரை ஒட்டி மேலூர் சாலையில் இருக்கும் மாவட்ட நீதிமன்றம் அப்போது திருமலை நாயக்கர் மகாலில் இயங்கியது. கள்ளர்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். 1938-இல் மதுரையிலேயே காலமானார். யானைக்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது.

முத்துராமலிங்கத் தேவர், ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி போன்றோரும் சட்டத்தை எதிர்த்தார்கள். சென்னை மாகாணத்தில் அது 1947-இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று ரத்தானது. சட்டம் அமலில் இருந்த காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் தொடர்ந்தன. பட்டியலில் இருந்த சமூகங்கள் இன்று சீர்மரபினர் எனப்படுகின்றன. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு, மில் வைத்த விலக்குக்கு இடம் தரவில்லை. விலக்கில்லாத சுதந்திரத்தைக் கேட்டுப் போராடியவர்களில் பெருங்காமநல்லூர் மக்களுக்கும் இடம் உண்டு.