பாட்டில்லாப் படத்தின் முதல் ஓசை

என் அம்மாவின் தகப்பனார், நாங்கள் அப்பு என்று அழைப்பவர், தம் வாழ்நாளில் ஒரேயொரு படத்துக்குத்தான் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்க எண்ணினாராம். 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' அது. 1993இல், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத இரவொன்றில், ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து அவர் இதைச் சொன்னார்.

"தம்பி, கணேசன்ரை படமெண்டு ஊரிலையிருந்து சயிக்கிள் உழக்கிப் போனன். தொடங்கின கையோடை ஆளைச் சுட்டு விழுத்திப்போட்டாங்கள். பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. பிறகென்ன படம்?"

பாதியிலே எழும்பி வந்துவிட்டாராம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. படத்தைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குப் பல்கலைக்கழக நாட்களிலேதான் கிடைத்தது. பார்த்தபோது அப்புவின் கோபம் நியாயமானதென்றே பட்டது. அந்தக் கோபத்தை விளைவித்த முதற்காட்சியைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

ஏவி.எம். நிறுவனம் தயாரித்து எஸ். பாலசந்தர் நெறிப்படுத்திய படம் இது. பின்னாளில் வீணை பாலசந்தர் என்று உலகம் அறிந்தவர்தாம் இந்த நெறியாளர். திரைக்கதை வசனத்தை எழுதிய ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். கதாநாயகன் ராஜன் ஒரு வானொலிப் பொறியியலாளர். நடிப்பவர் சிவாஜி கணேசன். படம் தொடங்கும்போதே வெடியொன்று கேட்கிறது. ராஜன் விழுந்து இறக்கிறார். சுட்டது யார் என்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. அயல்வீட்டுச் சின்னையா சத்தங்கேட்டு வந்து பார்த்துப் பொலிசுக்கு அறிவிக்கிறார். விசாரணை ஆரம்பமாகிறது. இவ்வளவுதான் தொடக்கம்.

இது ஏன் அப்புவைப் போன்ற ஒருவரைக் குழப்பியது? நமது கூத்து மரபை நினைத்துப் பாருங்கள். கட்டியகாரன் முதலில் வந்து இன்னார் வருகிறார் என்று கூறுவான். பின்னர் அரசனோ அசுரனோ தன் வரவுப் பாட்டோடு களரிக்கு வருவான். பார்ப்பவருக்கு ஐயம் என்பதற்கே இடமில்லை. தமிழ்ச் சினிமா கூத்திலிருந்தும் இசை நாடகத்திலிருந்தும் பிறந்தது. வரவுப் பாட்டு அங்கே கதாநாயகனின் முதற்பாட்டாக மாறிற்றேயொழிய மறைந்துவிடவில்லை. மர்மக் கதைகளும் இதற்கு விலக்கல்ல. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவி மொடேர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் நம்பியார் பல மாறுவேடங்களில் வந்து துப்புத் துலக்குகிறார். ஆனால் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் அங்கே குறைவில்லை.

பாலசந்தரோ பாட்டு வரவேண்டிய இடத்திலே வெடியை வைத்தார். வரவு பாட வேண்டியவன் விழுந்து கிடக்கிறான். 'பராசக்தி' வெளிவந்து இரண்டு ஆண்டுகூட முடியாத காலம். கணேசனின் நீண்ட வசனத்தைக் கேட்கவே சனம் தியேட்டருக்குப் போன காலம். அந்த வாயை முதற்காட்சியிலேயே மூடிவிடுவது சிறிய துணிவல்ல. இது நீங்கள் பழகிய வகைப் படமன்று, காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள் என்று சபையோருக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதற்படம் இது என்பர். அந்தச் செய்தியை விளம்பரத்தைவிட அந்த ஒரு வெடி நன்றாகச் சொல்லிவிட்டது.

காதைத் தீட்டச் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. அகிரா குரோசாவாவின் 'ரஷோமொன்' என்ற யப்பானியப் படத்தை இந்தியாவில் நடந்த திரைப்பட விழாவொன்றிலே பார்த்த பாலசந்தர், அதே கதைசொல்லும் முறையில் ஒரு நாடகம் எழுதினார். அகில இந்திய வானொலி அதை ஏற்கவில்லை. அதன் பிறகே அது மெய்யப்பச் செட்டியாரிடம் சென்று படமாயிற்று. வானொலியால் திருப்பி அனுப்பப்பட்ட கதையின் நாயகன் வானொலிப் பொறியியலாளனாக அமைந்தது தற்செயலோ என்னவோ, நான் அறியேன். ஆனால் அந்தத் தொடக்கத்தை வானொலிக்காரர் ஒருவரின் தொடக்கமென்றே நான் கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நிகழ்ந்தது விளங்கும். சின்னையாவும் நம்மைப் போலத்தான். கொலையை அவர் பார்க்கவில்லை, கேட்டார்.

'ரஷோமொன்' தொடங்கும் விதம் வேறு. இடிந்த கோபுர வாசல், விடாது கொட்டும் மழை, ஒதுங்கி நிற்கும் மனிதர். அங்கே கொலை நடந்து முடிந்துவிட்டது. அதைக் கண்டும் கேட்டும் வந்தவர்கள் திகைத்துப்போய் இருக்கிறார்கள். அந்தத் திகைப்பே படத்தின் உணர்வுநிலை. பாலசந்தர் மழையை எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொரு வானம் கிடைத்தது.

1943 ஒக்ரோபரிலே யப்பானிய விமானமொன்று சென்னை மீது பறந்து சில குண்டுகளைப் போட்டது. படத்தின் கொலை அதற்கு மறுநாள் திருவல்லிக்கேணியில் நிகழ்கிறது. நகரத்து மக்கள் மூட்டை கட்டுகிறார்கள். ஊரே கிளம்பும் வேளையில் ஒரு வீட்டுக்குள் ஒருவன் செத்துக் கிடக்கிறான். வானத்திலிருந்து விழும் குண்டுக்குப் பயந்திருக்கும் சனத்துக்கு நடுவே, வீட்டுக்குள்ளிருந்தே வெடி கேட்கிறது. வெளியே இருக்கும் எதிரி யாரென்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருப்பவர்?

இந்தப் பின்னணியை அப்பு கவனிக்காமல் விட்டதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் அந்தப் பயத்தை அறியாதவர் அல்லர். 1942 ஏப்ரில் 5ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, யப்பானியர் கொழும்பைத் தாக்கினர். நான்கு நாள் கழித்து, 9ஆந் திகதி, திருகோணமலையைத் தாக்கினர். கொழும்பில் உத்தியோகம் பார்த்த எத்தனையோ யாழ்ப்பாணத்தவர் பெண்டு பிள்ளைகளுடன் ஊருக்கு ஓடிவந்தார்கள். பதினெட்டு வயது இளைஞனாக அவர்களின் பெட்டி படுக்கைகளை மாட்டுவண்டியில் ஏற்றி இறக்கியதை அப்பு கதைகதையாகச் சொல்லுவார். பன்னிரண்டு ஆண்டுகளில் அது மறந்தா போயிருக்கும்? கணேசனின் பாட்டையும் வசனத்தையும் காத்திருந்தவருக்கு அது கண்ணில் படவில்லைப் போலும்.

எனக்கு முதலில் பட்டது அதுதான். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்துச் சனமெல்லாம் தெருவுக்கு இறங்கிய போது நானும் அதற்குள் ஒருவன். மழையும் வந்தது. அப்புவைச் சயிக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு செம்மணி வெளியால் சாவகச்சேரிக்குப் போனோம். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லோரும் காதால் வாழ்ந்தவர்கள். சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். செல் எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே விழும் என்பதைச் சத்தத்தை வைத்தே கணித்தோம். ஆகவே வெற்றுத் திரையிலே ஒரு வெடியும், வெளிக்கிடும் சனமும் என்றால், எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

படம் முன்னேற, ஒவ்வொரு சாட்சியும் இன்னொருவரைச் சுட்டுகிறார். அயலவர், தம்பி, தம்பியின் மனைவி, காதலி, மனைவி உஷா என்று ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு ராஜன் பிறக்கிறான். யார் கொன்றது என்று முதற்காட்சி கேட்ட கேள்வி மெல்ல மெல்லச் செத்தவன் யார் என்ற கேள்வியாக உருமாறுகிறது. முதற்காட்சியின் உண்மையான சூழ்ச்சி இதுவே என்பேன். விழுந்து கிடப்பவன்மேல் நாம் இரக்கப்படுகிறோம். சினிமாவில் கணேசன் செத்தால் இரங்குவதே வழக்கம். அந்த இரக்கத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பாலசந்தர் அதைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கேட்கிறார். முடிவை நான் சொல்லப் போவதில்லை. எழுபது வருடத்துப் படமானாலும் மர்மக் கதைக்குரிய மரியாதை ஒன்றுண்டு.

சாவை முன்கூட்டிச் சொல்லிவிடுவது தமிழுக்குப் புதிதுமன்று. சிலப்பதிகாரத்துப் பதிகம் கோவலன் கொலையுண்டதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது. ஆயினும் நாம் மதுரைக் காண்டம் வரை பதைபதைப்போடு போகிறோம். ஆய்ச்சியர் குரவையிலே பால் உறையாமலும் வெண்ணெய் உருகாமலும் போகும் உற்பாதங்களை இளங்கோ அடுக்குவது கொலைச் செய்தி சேரிக்கு வருமுன் சேரியின் மனத்தை இருளச் செய்யத்தான். இளங்கோ குடப்பாலைக் கொண்டு செய்ததை ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் நிழலைக் கொண்டு செய்தார். உயர்தர வகுப்பில் இப்படிச் சொல்லும்போது சில மாணவர் சிரிப்பார்கள். எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை.

சென்ற தவணையில் அந்த வகுப்புக்கே ஒரு சோதனை வைத்தேன். முதற்காட்சியைத் திரையை மறைத்து ஒலியை மட்டும் கேட்கவிட்டேன். பிறகு படத்தைக் காட்டினேன். ஒரு மாணவன் எழும்பி, "சேர், பக்கத்து வீட்டிலை வெடி கேட்டால் அந்த மனுசன் ஏன் உடனை பொலிசுக்குப் போனவர்? தன்னைச் சந்தேகப்படுவினம் எண்டு யோசிக்கேல்லையோ?" என்றான். போர் முடிந்தபின் வளர்ந்த பிள்ளை. அவனுக்கு இந்த யோசனையை யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. "தொடர்ந்து பார், சின்னையாவையும் விட்டுவைக்கமாட்டார்கள்" என்றேன்.

படம் வந்தபோது வசூலில் தோற்றது. 1954ஆம் ஆண்டுக்குரிய இந்தியத் தேசிய விருதுகளிலே தகுதிச் சான்றிதழ் பெற்றபின் மீண்டும் திரைக்கு வந்து நன்மதிப்புத் தேடிக்கொண்டது. பாலசந்தர் 1964இல் 'பொம்மை' என்ற மர்மப் படத்தையும் எடுத்தார். அதிலே பாட்டுகள் இருந்தன.

அப்பு 1998இல் காலமானார். நான் படத்தைப் பார்த்தது அதற்குப் பிறகு. ராஜனைச் சுட்டது யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.